அலைவரிசையில் ஒரு பொம்பளைக் குரல்

கும்மிடிப்பூண்டி தீயணைப்பு நிலையத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த பெண்களுக்குத் தனியாக ரேடியோ தேவைப்பட்டதில்லை. வாட்ச் ரூம் சுவரில் முற்றத்தைப் பார்க்க ஒரு ஒலிபெருக்கியைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். வண்டி கழுவுகிற ஆளுக்கும் ஒயர்லெஸ் காதில் விழ வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. வண்டி கழுவுகிறவனுக்கு விழுந்ததோ இல்லையோ, குழாயடியில் குடத்தோடு நின்றவர்களுக்கு ஒரு வார்த்தை தப்பாமல் விழுந்தது. எந்த ஊரில் குடிசை எரிகிறது, எந்தக் கிணற்றில் மாடு விழுந்தது, பொன்னேரி வண்டி எங்கே பஞ்சராகி நிற்கிறது, எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. குழாயடிச் சண்டைகூட அந்தப் பாஷையில்தான் நடக்கும்.

"எல்லம்மா, எல்லம்மா, செங்கம்மா பேசறேன். உன் குடம் ரொம்பி வழியுது, எட்த்துத் தொல. ஓவர்."

"ரோஜர் யக்கா. கண்ணு கீது எனக்கு. அவுட்."

செங்கம்மாளின் புருஷன் அருணகிரிக்கு வாட்ச் ரூம் வேலை. போனும் ஒயர்லெஸ்ஸும் அவன் பொறுப்பு. பக்கத்து வீட்டு எல்லம்மாவின் புருஷன் திருமலை, வண்டியோடு போகிற ஆட்களுக்குத் தலைவன். பொன்னேரி வண்டி, கும்மிடிப்பூண்டி வண்டி, கோட்ட அதிகாரியின் ஜீப்பு, இத்தனைக்கும் சேர்த்து இருந்தது ஒரே அலைவரிசை. அதில் நிலையத்துக்குப் பேர் 'கும்முடி', அதன் வண்டிக்கு 'கும்முடி ஒண்ணு', கோட்ட அதிகாரிக்கு 'டிவிஷன்'. அதனால் சட்டதிட்டம் பலமாக இருக்கும். முதலில் காது, அப்புறம் வாய். யாரைக் கூப்பிடுகிறோமோ அவர் பேர், பிறகு தன் பேர், பிறகு சேதி, கடைசியில் 'ஓவர்' சொல்லிப் பொத்தானை விட வேண்டும். ஒருத்தன் பொத்தானை அமுக்கியிருக்கும் வரைக்கும் மற்றவர்கள் கேட்கத்தான் முடியும். குறுக்கே இன்னொருத்தன் அமுக்கினால் கீச்சென்று ஒரு விசில் வரும், இரண்டு பேர் பேச்சும் விளங்காது. அமுக்கிக்கொண்டிருக்கிற ஆளுக்கோ வானமே இடிந்தாலும் கேட்காது.

எழுபத்தெட்டாம் வருஷத்துக் கத்திரி வெயில். ஏரி குளமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சிப்காட்டில் கம்பெனிகள் ஒன்றொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வைக்கோலை அரைத்து அட்டை செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. கம்பெனிக்குள்ளே வைக்கோல் கட்டுகளை மச்சு வீட்டு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அதில்தான் தீ பிடித்தது. மணி அடித்தது, திருமலையும் ஆட்களும் வண்டியோடு பறந்தார்கள். நிலைய அதிகாரி பாக்கியநாதன் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். நிலையத்தில் மிஞ்சியது அருணகிரி ஒருத்தன்தான்.

வைக்கோல் தீயைப் பற்றித் தெரியாதவர்கள் அதைச் சின்னத் தீ என்பார்கள். மேலே அணைந்த மாதிரி காட்டிவிட்டு உள்ளே போய்க் குடித்தனம் நடத்தும் தீ அது. கொக்கி போட்டுக் கட்டு கட்டாகப் பிரித்து இழுத்து, பிரித்த ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் குடிக்கக் கொடுக்க வேண்டும். ஒரு வண்டித் தண்ணீர் அதற்கு வாய் கொப்புளிக்கக்கூடப் பற்றாது.

செங்கம்மாள் கேழ்வரகுக் களியைக் கிண்டி இறக்கிவிட்டு, நெத்திலிக் கருவாட்டைச் சட்டியில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் திருமலையின் குரல் வந்தது. "கும்முடி, கும்முடி ஒண்ணு பேசறேன். இடத்துக்கு வந்துட்டோம். தீ பெருசு. மறுபடி கூப்புடறேன். ஓவர்." அருணகிரி 'ரோஜர்' சொன்னான். அதற்கப்புறம் கர்ரென்று ஒரு இரைச்சல். இரைச்சலுக்கு நடுவே யாரோ சிரித்தார்கள்.

"இது பெட்டையாய்யா, போத்தா? முட்ட இருக்குதா பாரு. என் மாமியாருக்கு முட்ட நண்டுதான் வேணும்."

முற்றத்தில் நின்ற பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கோட்ட அதிகாரி மணவாளனின் குரல். 'ஓவர்' சொல்லாத பியூனைக்கூட மெமோ போட்டுத் தாளிக்கிற மனுஷர். அவருடைய ஜீப்பில் மைக் மாட்டுகிற கொக்கி உடைந்து மாசக்கணக்காகிறது, சீட்டின் மேலேதான் கிடக்கும். பொத்தான் அமுங்குவது தெரியாமல் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு அவர் நண்டு பேரம் பேசிக்கொண்டிருந்தார். பேரம் மூன்று தாலுகாவுக்கும் கேட்டது.

"சிரிக்காதீங்கடி" என்றாள் எல்லம்மா. அவள் முகம் வெளுத்துவிட்டது. நண்டுப் பேச்சுக்கு நடுவே கீச்சென்று ஒரு விசில் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. திருமலை கூப்பிடுகிறான். என்னவோ கேட்கிறான். என்ன கேட்கிறான் என்பதை நண்டு அமுக்கிவிட்டது.

செங்கம்மாள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாட்ச் ரூமுக்கு ஓடினாள். அருணகிரி போனில் கத்திக்கொண்டிருந்தான். "பொன்னேரி! உங்க வண்டிய எடுங்கடா! இங்க என் ஆளுங்க கூப்புட்டுக்கினே கீறாங்க, ஒண்ணும் புரியல!" அந்தப் பக்கத்துக்காரன் பதில் அவளுக்கும் கேட்டது. "நைனா, எனக்கும் அதே நண்டுதான் கேக்குது. ஸ்பாட்ல இருக்கறவன் கேக்கணும், இல்லாட்டி டிவிஷன் சொல்லணும். உத்தரவு இல்லாம வண்டிய எடுத்தா என் வேல பூடும்."

அருணகிரி போனை வைத்தான். கம்பெனிக்குப் போன் போட்டால் லைனே இல்லை, கம்பி எரிந்துவிட்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் புகை கறுத்துச் சுருண்டு ஏறிக்கொண்டிருந்தது.

"நான் சைக்கிள்ல போயி இன்னான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்றான். "நீ இங்க குந்து. எதையும் தொடாத. காது மட்டும் குடு. திருமலை கொரலு வந்தா இன்னா சொல்றான்னு மனசுல வச்சிக்க."

"வாட்ச் ரூம உட்டுட்டுப் போவக்கூடாதுன்னு நீதான சொல்லுவ?"

"தெரியும்மே. குந்து."

அவன் போய்விட்டான். செங்கம்மாள் அந்த மர நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் இன்னொரு விசில். அதையடுத்து நண்டுக்காரன் பேசினான்.

"வாப்பா மேல சத்தியமா சொல்றேன் சார், இது காத்தால ஏரில புடிச்சது. கடிச்சா விடாது."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அசன் முகைதீன் பாயின் குரல். செங்கம்மாள் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவள். கல்யாணம் ஆகும் வரைக்கும் அவள் அப்பன் பிடித்த நண்டை அதே பாயின் ஐஸ் கொடோனுக்குக் கூடையில் சுமந்தவள். எத்தனை நண்டைக் கழித்துக் கட்டியிருப்பார் அந்த மனுஷர், அந்தக் குரலை மறப்பாளா? ஐஸ் கொடோன் வாசலில்தான் ஜீப்பு நிற்கிறது. ஐஸ் கொடோனுக்குள் போன் இருக்கிறது. எதையும் தொடாதே என்று புருஷன் சொன்னது ஞாபகத்துக்கு வரத்தான் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. போனின் கைப்பிடியைப் பிடித்து விறுவிறுவென்று சுற்றினாள்.

"எக்ஸ்சேஞ்சா? பழவேற்காடு, அசன் பாய் ஐஸ் கொடோன் குடும்மா."

"ட்ரங்க் கால் புக் பண்ணிட்டு வெய்ட் பண்ணுங்க."

"ஃபயர் ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன்! ஆளுங்க எரியறாங்கம்மா! நீ புக்கு பண்ணிக்கினே இரு, நான் பொணத்த எண்ணிக்கினே இருக்கறேன்!"

அந்தப் பெண்ணுக்கு உறைத்துவிட்டது. சடசடவென்று லைன் விழுந்தது. மணியடிக்கிற சத்தம் போனில் கேட்டது, ஸ்பீக்கரிலும் கேட்டது. "இருங்க சார், போனு" என்று பாய் ஸ்பீக்கரில் சொன்னார். "அலோ" என்று போனில் வந்தார்.

"பாய், நான் செங்கம்மா. குப்பத்து முனிகிருஷ்ணன் பொண்ணு."

"அடடே, நீயாம்மா! எங்க இருக்கற? அப்பன் சொகமா?"

"அப்பன் கதய அப்பறம் பேசலாம். உங்க வாசல்ல ஜீப்பு நிக்குதே, அதுல ஆபீசர் ஒருத்தரு குந்திக்கினு கீறாரு இல்ல? அவுரு ஒயர்லெஸ்ஸு மைக்கு மேல குந்திக்கினு கீறாரு. அதனால எங்க ஆளுங்க பேச முடில. இங்க நெருப்பு எரியுது. ஓடிப்போயி அந்தாள எழுப்பி உடுங்க பாய்!"

பாய் எதுவும் கேட்கவில்லை. போனைக் கீழே போட்ட சத்தம் டமாலென்று விழுந்தது. பிறகு ஸ்பீக்கரில் வந்தார். "சார், எழுந்திரிங்க! அட எழுந்திரிங்க சார்! உங்களுக்குக் கீழ என்னமோ கெடக்குது!" என்னய்யா, ஏதய்யா என்று ஒரு தடுமாற்றம். சீட்டு கிரீச்சிட்டது. இரைச்சல் பட்டென்று நின்றது.

அந்த அமைதி ஒரு மூச்சு நேரம்கூட இல்லை.

"கும்முடி, கும்முடி, கும்முடி ஒண்ணு!" திருமலை கத்தவில்லை, அழுதான். "தண்ணி முடிஞ்சிது. வைக்கோப் போரு சரிஞ்சி ரெண்டு பேரு உள்ள மாட்டிக்கினாங்க. பொன்னேரி வண்டி வேணும். கேக்குதா? யாராவது கேக்கறீங்களா? ஓவர்!"

காது மட்டும் கொடு என்றால் எப்படிக் கொடுப்பது? யாராவது கேக்கறீங்களா என்று ஒருத்தன் கேட்கிறான். செங்கம்மாள் மைக்கை எடுத்துப் பொத்தானை அமுக்கினாள்.

"கும்முடி ஒண்ணு, கும்முடி ஒண்ணு, கும்முடி பேசறேன். கேட்டுச்சி. தண்ணி முடிஞ்சிது, ரெண்டு பேரு உள்ள. பொன்னேரி, பொன்னேரி, நீயும் கேட்டியா? ஸ்பாட்டுக்காரரு கேட்டுட்டாரு. வண்டிய எட்றா! ஓவர்."

"பொன்னேரி ரோஜர். வண்டி கெளம்பிடுச்சி. ஓவர்."

உடனே ஜீப்பு குறுக்கே வந்தது. "ஏய்! யாரது? யார் இந்தப் பொம்பள? இது கவர்மென்ட் சேனல்! மைக்க வச்சிட்டு வெளிய போ!" பேச்சின் பின்பாதியில் மறுபடி கீச்சென்ற விசில். திருமலை திரும்பக் கூப்பிடுகிறான், இந்த ஆள் திரும்ப அமுக்குகிறார். செங்கம்மாளுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஆனாலும் முறை தவறாமல் பேசினாள்.

"டிவிஷன், டிவிஷன், கும்முடி பேசறேன். இத்தினி நேரம் குந்திக்கினு இருந்த. எங்க ஆளுங்க சாவறாங்க. பொத்தான்லேர்ந்து கைய எடு, வாய மூடு. ஓவர்."

முற்றத்தில் நின்ற பெண்கள் கேட்டார்கள். பொன்னேரியில் கேட்டார்கள். மணவாளன் கையை எடுத்துவிட்டார். அதற்கப்புறம் அலைவரிசை திருமலைக்கும் அவளுக்கும் பொன்னேரிக்கும் மட்டும் இருந்தது. பொன்னேரி வண்டி வந்து தண்ணீர் அடித்து, கொக்கி போட்டு இழுத்து, இரண்டு பேரையும் உயிரோடு எடுத்தார்கள். இழுக்கப் போன திருமலைக்கு முழங்காலுக்குக் கீழே வெந்துவிட்டது. அருணகிரி சைக்கிளில் திரும்பி வந்தபோது அவன் பெண்டாட்டி, "கும்முடி ஒண்ணு, ரோஜர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பாராட்டுக் கடிதம் வரும் என்று எல்லம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வந்தது அருணகிரிக்கு சஸ்பென்ஷன். வாட்ச் ரூமை விட்டு வெளியே போனது, வெளியாளை அரசாங்க ஒயர்லெஸ்ஸைத் தொடவிட்டது, மேலதிகாரியை அலைவரிசையில் அவமரியாதையாகப் பேசவைத்தது. குற்றம் மூன்று. நண்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. அதிகாரி பழவேற்காட்டு ரோட்டில் ஆய்வில் இருந்தாராம். ஆய்வுதான், முட்டை இருக்கிறதா இல்லையா என்று ஆய்வு!

நிலைய அதிகாரி பாக்கியநாதன் நல்ல மனுஷர், பயந்த மனுஷர். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். செங்கம்மாள் மோர் கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒரு வழி கீது அருணகிரி. கோட்ட ஆபீசரே சொல்லி அனுப்பினாரு. நீ ஒண்ணுக்குப் போன நேரத்துல இவங்க தானா உள்ள பூந்துட்டாங்கன்னு சொல்லிடு. கொழந்த இல்லாத ஏக்கத்துல கொஞ்ச நாளா புத்தி சரியில்லன்னும் சொல்லிடு. அத்தோட மூடிடுவாங்க. வேல, குவார்ட்டர்ஸ் எதுக்கும் பங்கம் இல்ல. இல்லன்னா டிஸ்மிஸ்ஸு. மெட்ராஸ்லேர்ந்து விசாரணைக்கு ஆபீசர் வராரு."

மூன்று முறை தரித்து மூன்று முறையும் தங்காமல் போன வயிறு செங்கம்மாளுடையது. குழாயடியில் எந்தச் சண்டையிலும், எவ்வளவு கேவலமாகத் திட்டிக்கொண்டாலும், அந்த வார்த்தையை யாரும் எடுத்ததில்லை. இவர்கள் அதைத் தேடி எடுத்திருக்கிறார்கள்.

அவர் போன பிறகு அருணகிரி தட்டு முன்னால் உட்கார்ந்தான். களியை உருட்டினானே தவிர வாயில் போடவில்லை.

"இன்னா யோசன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"எனக்குத் தெரியும் உன் யோசன. சொல்லிடலாமான்னு பாக்கற."

"வேற இன்னா செய்யச் சொல்ற? வெளிய போனா எவன் வேல குடுப்பான்? இந்த ஊட்ட உட்டா எங்க போறது? ஒரு வார்த்ததான் செங்கம்மா. சொன்னா உனக்குப் பைத்தியம் புடிச்சிடுமா?"

"புடிச்சிடும்!" அவள் சட்டியை நங்கென்று வைத்தாள். "நாளைக்கு நான் தண்ணிக்குப் போனா இன்னாவா போவேன்? ஆபீசருங்களே எழுதிக் குடுத்த பைத்தியமா போவேன். மைக்கு மேல குந்திக்கினு நண்டு வாங்கனவன் தெளிவு, உசுரக் காப்பாத்தனவ பைத்தியமா? இன்னா நாயம்யா இது? மலடின்னு சொல்லிட்டுப் போ, தாங்கிக்கறேன். நான் அறிவோட செஞ்ச ஒரே ஒரு காரியத்த அறிவில்லாம செஞ்சேன்னு சொல்லாத."

"நான் இன்னா சொல்லுவேன்னு எனக்கே தெரியல" என்றான் அருணகிரி. பொய் சொல்லத் தெரியாத ஆள், அதையும் மறைக்காமல் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

விசாரணை நாளன்று வாட்ச் ரூமில் மேஜை போட்டார்கள். மெட்ராஸ் அதிகாரி நடுவில், பக்கத்தில் எழுதுகிற குமாஸ்தா, ஓரத்தில் மடிப்புக் கலையாத காக்கியில் மணவாளன். பெண்களுக்கு உள்ளே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். குழாயடியில் நிற்க யாரைக் கேட்க வேண்டும்? அத்தனை பெண்களும் காலிக் குடத்தோடு ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். காலில் கட்டோடு திருமலையும் எல்லம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். செங்கம்மாளுக்கு ஜன்னல் கம்பி வழியே புருஷனின் முதுகு மட்டும் தெரிந்தது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"சம்பவத்தன்று ஒயர்லெஸ் செட் பழுதாக இருந்ததா?" மெட்ராஸ் அதிகாரி கேட்டார்.

"இல்ல சார். செட்டு நல்லாத்தான் இருந்துச்சி. அதும்மேல ஆளு குந்திக்கினு இருந்தாரு."

வெளியே யாரோ குடத்தைக் கீழே போட்டார்கள். மணவாளன் எழுந்தார். "சார், இவன்..." மெட்ராஸ் அதிகாரி கையைக் காட்டி அவரை உட்காரவைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யோசித்துப் பேசு. உன் மனைவி உனக்குத் தெரியாமல் உள்ளே வந்தார்கள், அவர்களுக்கு மனநிலை சரியில்லை என்று தகவல் இருக்கிறது. அப்படியானால் உன் மேல் பெரிய தப்பு இல்லை. சரிதானே?"

அருணகிரியின் முதுகு அசையவில்லை. செங்கம்மாள் கம்பியைப் பிடித்திருந்த கை வலித்தது. சொல்லிவிடப் போகிறான், சொல்லிவிட்டான் என்றே நினைத்தாள். சொன்னால் அந்த வீட்டில் இன்னொரு வேளை உலை வைப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தாள்.

"இல்ல சார்" என்றான் அருணகிரி. "அவளுக்கு ஒரு கோளாறும் இல்ல. நான்தான் உக்கார வச்சேன்."

"இப்படிச் சொன்னால் வேலை போகலாம், தெரியுமா?"

"தெரியும் சார்."

மெட்ராஸ் அதிகாரி பெருமூச்சு விட்டார். குமாஸ்தாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். "எழுதிக்கொள்ளும். வாட்ச் ரூம் ஊழியர் அருணகிரி தன் பொறுப்பில் மனைவியை ஒயர்லெஸ் முன் அமர்த்தினார். மனைவி, கணவரின் சொல்படி செயல்பட்டு..."

"சார், அத்த அடிச்சிடுங்க."

"எதை?"

"என் சொல்படின்னு எழுதறாரே, அத்த." அருணகிரியின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. முற்றத்துக்கே கேட்டது. "எதையும் தொடாதன்னுதான் சார் நான் சொல்லிட்டுப் போனேன். போன் போட்டது அவ. மைக்க எட்த்தது அவ. என் சொல்படி நடந்திருந்தா, தோ ஜன்னலாண்ட நிக்கறானே திருமலை, அவன் ஆளுங்க ரெண்டு பேரு செத்திருப்பாங்க. அவ புத்தியிலதான் செஞ்சா. அப்பிடியே எழுதுங்க. எழுதினா கையெழுத்து போடறேன்."

குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி மணவாளனைப் பார்த்தார். மணவாளன் தரையைப் பார்த்தார். கடைசியில் அதிகாரி தலையசைத்தார். குமாஸ்தா அந்த வரியைக் குறுக்கே அடித்துவிட்டு மேலே எழுதினான். அருணகிரி குனிந்து கையெழுத்துப் போட்டான்.

வேலை போகவில்லை. சம்பள உயர்வை நிறுத்தி, திருத்தணிப் பக்கம் ஒரு சின்ன நிலையத்துக்குத் தூக்கியடித்தார்கள். மணவாளனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகும் என்று யார் நினைத்தார்கள்? சாமான் கட்டுகிற அன்றைக்குப் பாத்திரங்களைக் கோணியில் போட்டுக்கொண்டிருந்த செங்கம்மாளிடம் அருணகிரி வந்து நின்றான்.

"அந்த ஸ்டேஷன்ல ஒயர்லெஸ்ஸே இல்லியாம். வெறும் போனுதானாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அத்த உனக்குக் குடுத்த தண்டனன்னு நெனச்சிக்கினியா? நான் பேசிடப் போறேன்னு பயந்துக்கினு அனுப்பறானுங்கய்யா" என்று சொல்லிவிட்டு, கோணியின் மற்ற முனையைப் பிடிக்கச் சொன்னாள்.